வில்பத்துக்கு முந்தின கிழமை

ஜீப்கார நிஹால் போனில் சொன்னது,
பாதி சிங்களம், பாதி தமிழ்:
வெள்ளை வேண்டாம், சிவப்பு வேண்டாம்,
சென்ட் வேண்டவே வேண்டாம்.
விடிய ஐந்தரைக்குக் கேட்டடியில் நில்லுங்கோ.
பிந்தினால் நான் நிற்பன்,
மிருகம் நிற்காது.

மருந்துக் கடையில் பதினொரு வருசம்
குளிசை எண்ணிக் கொடுத்த கை என்னுடையது.
அதனால் மருந்துப் பை மட்டும்
மூன்று நாள் முன்னமே தயார்:
ஜீவனி ஆறு பைக்கற்,
குகபாலனின் வயிற்றுக்கு ஒன்று, பிள்ளையின் சத்திக்கு ஒன்று,
உண்ணி பிடுங்க ஒரு சின்ன இடுக்கி.
மற்றதெல்லாம் கட்டிலில் குவிந்து கிடக்க
நாங்கள் நிலத்தில் படுத்தோம்.

சனிக்கிழமை புறக்கோட்டையில்
மண் நிறத்தில் சட்டை தேடினோம்.
ரோஸ், கிளிப்பச்சை, மினுக்கம் வைத்த நீலம்.
இவ்வளவு புழுதி பறக்கும் தெருவில்
மண் நிறம் மட்டும் விற்பனைக்கு இல்லை.
கடைசியில் ஒரு நடைபாதைக்காரர்
குவியலின் அடியிலிருந்து இழுத்தெடுத்தார்,
ஈரச் சாக்கு நிறத்தில் மூன்று.
ஒன்றுக்குப் பொத்தான் இல்லை,
நூறு ரூபா குறைத்தார்.

யதுர்ஷன் கையில் ஒரு தொப்பி.
இலையும் நிழலுமாய் அச்சடித்தது,
படைக்காரர் போடுவதுபோல.
"இதைப் போட்டா என்னை ஒருத்தருக்கும் தெரியாதம்மா."
வாங்கித் திரும்பக் கொக்கியில் மாட்டினேன்.
நாடா வைத்த ஓலைத் தொப்பி எடுத்துக் கொடுத்தேன்.
காற்றுக்குப் பறக்காது என்றேன்.

திரும்பி வரும்போது ஓட்டோவில்
எட்டு வயதின் முழுத் தொண்டையில் தொடங்கினான்:
"புலி பாக்கப் போறம்! புலி பாக்கப் போறம்!"
கொள்ளுப்பிட்டிச் சந்தி. சிவப்பு விளக்கு.
பக்கத்தில் ஒரு ஜீப்,
காட்டுக்குப் போகிற ஜீப் இல்லை.
என் கை அவன் வாய்க்கு எப்போது போனது,
தெரியாது.
"சிறுத்தை" என்றேன் காதுக்குள்.
"சிறுத்தை எண்டு சொல்லு."
"ஏன்?"
"இந்த நாட்டுக் காட்டில புலி இல்லை."
அவனுடைய பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அதுதான் விடை.
புள்ளி போடுவார்கள்.
கையை எடுத்தபோது உள்ளங்கையில்
அவன் எச்சில், கொஞ்சம் மாரி பிஸ்கட்.

வியாழன் இரவு பயிற்சி.
மூன்று மணித்தியாலம் வாய் திறக்கக் கூடாதாம்,
பத்து நிமிசத்தில் தொடங்குவோம் என்றார் குகபாலன்.
லைட்டை அணைத்துவிட்டு
ஆறாம் மாடி ஜன்னலோரம் மூன்று பேரும்,
கந்தோரில் இரவல் வாங்கிய தொலைநோக்கியோடு.
மேல் வீட்டுக் குக்கர் மூன்று விசில்.
மருதானைக்குப் போகும் ரயில்,
அதற்குப் பின்னால் கடல் விட்ட இடத்தில் தொடர்ந்தது.
கொட்டங்காய் மரத்தில் ஒரு வௌவால் தலைகீழாய்ச் சண்டை பிடித்தது.

பிறகு எதிர் மாடியில் ஒரு மனுசன்.
சாரத்தோடு நின்றபடி
சட்டியிலிருந்தே சோறு தின்றார்.
மாறி மாறிப் பார்த்தோம்.
மெதுவாய் மென்றார். காதைச் சொறிந்தார்.
சட்டென்று நிமிர்ந்தார்,
எங்கள் பக்கம்.
அவரும் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை.
விளக்கு அணைந்தது.

யதுர்ஷன் தொலைநோக்கியை என் மடியில் வைத்தான்.
"அங்கயும் இப்பிடித்தானா அம்மா?"
மணிக்கூட்டைப் பார்த்தால்
ஏழு நிமிசம்தான் ஆகியிருந்தது.

வெள்ளி, நள்ளிரவு தாண்டி.
பாணும் கட்டைச் சம்பலும் டப்பாவில்,
தண்ணீர் கலனில்,
அடையாள அட்டைகள் மேல் ஜிப்பில்.
அதை மட்டும்
யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.

மணமில்லாத சவர்க்காரத்தில் மூன்று தரம் கை கழுவினேன்.
மணந்து பார்த்தேன்: ஸ்பிரிட்.
பாலைப்பழம் பழுக்கிற காலம்,
கரடி இறங்கும் என்றிருந்தார் நிஹால்.
கரடிக்கு மூக்கு கூர்மையாம்.
இருக்கட்டும்,
அதற்கும் எங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியட்டும்.

கீழே வான் வந்து நிற்கிறது, ஹோர்ன் அடிக்காமல்.
என் தோளில் கிடக்கிறவன்
தூக்கத்தில் வாய் அசைக்கிறான்,
சத்தம் வரவில்லை.
எந்தச் சொல் என்று
நான் குனிந்து பார்க்கவில்லை.