குதிரைக் கொம்பு

கோட்டைக்குள் எனக்கு இட்ட வேலை
ஒல்லாந்தரின் குதிரைப் படை ஏட்டைத் தமிழில் எழுதுவது.
யார் ஒப்பமிட்ட சீட்டுக்குக் கொள்ளு கொடுக்கலாம் என்று
வண்ணார்பண்ணைச் செட்டிகளுக்குத் தெரியவேண்டுமாம்.

முதல் வரி ரிட்மேஸ்டர் ஃபான் டைன்.
கப்பித்தான் என்று எழுதினேன்.
சீறினார்: கப்பித்தான் நடக்கிறவன், நான் ஏறுகிறவன்.
மேஸ்டர் என்றால் நம் மேஸ்திரிதான் என்றான் துபாசி பிலவேந்திரன்.
குதிரை மேஸ்திரி என்று திருத்தினேன்.
சுண்ணாம்புச் சூளை மேஸ்திரி அன்றுமுதல்
நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான்.
ரிட்மேஸ்டருக்கு இன்னும் தெரியாது.

அடுத்தது லுத்தினந்து.
இன்னொருவன் இடத்தைப் பிடித்து வைத்திருப்பவனாம்.
உடையாரின் மைத்துனருக்கும் அதே உத்தியோகம்;
சொல்லுக்குச் சிரமமில்லை.

மூன்றாவது கொர்னெட்.
யோரிஸ், வயது பதினேழு, மீசை இல்லை.
கொடி பிடிப்பவன்.
கொடியின் முனை கொம்புபோல் பிளந்திருந்த காலத்தில் வந்த பேர்,
கொம்பு என்றே பொருள் என்றான் துபாசி.
குதிரைப் படையின் கொம்பு.
எழுதிவிட்டு நானே சிரித்தேன்.
செட்டிகள் சிரித்தார்கள்.
ஏன் என்று கேட்டறிந்து அவனும் சிரித்தான்.
பிறகு ஒவ்வொரு சீட்டிலும்
ஒப்பத்துக்குக் கீழே ஒரு கொம்பு வரைந்தான்.

படை என்பது பதினொரு குதிரை, அதில் இரண்டு நொண்டி.
பண்ணைக் கடலைத் தாண்டி எந்த எதிரியும் வரவில்லை.
கார்த்திகை மழையோடு காய்ச்சல் வந்தது.
பதவி வரிசையில் அது கீழிருந்து தொடங்கியது.

ஏலத்தில் சேணத்தை ரிட்மேஸ்டர் எடுத்தார்.
சப்பாத்து ஒருவர் காலுக்கும் சேரவில்லை.
கொடி கொம்பனியுடையது.
அவன் ஏறிய சாம்பல் குதிரையை
வத்தையில் நெடுந்தீவுக்கு அனுப்பினார்கள், கணக்கெழுத நானும் போனேன்.

துரவடியில் மந்தை நின்றது.
ஒற்றைக் கண் கிழட்டுப் பெட்டை முதலில் குடித்தது.
அது விலகும்வரை
மற்றவை கழுத்தைத் தாழ்த்தவில்லை.
சாம்பல் குதிரை கல்வேலியருகே காத்திருந்து
கடைசியில் சேற்றைக் குடித்தது.
யார் ஏறின குதிரை என்று தீவான் ஒருவன் கேட்டான்.
வாய்வரை வந்த சொல்லை
விழுங்கிவிட்டேன்.

ஏட்டில் மூன்றாம் வரி இன்னும் வெற்றிடம்;
பத்தாவியாவிலிருந்து ஆள் வரவேண்டும்.
செட்டி ஒருவர் மட்டும்
கொம்பு வரைந்த சீட்டொன்றைக் காசாக்காமல் வைத்திருக்கிறார்.
இரண்டு பறைக் கொள்ளு.
வருடக் கடைசியில் அந்த அளவுக்குத்தான் கணக்கு இடிக்கிறது,
நானும் கேட்கப் போவதில்லை.