பதம்

மின்வெட்டு நேரத்தில்தான் கடைக்குப் போக முடிந்தது.
ருபேந்திரன் படையாச்சி கைபேசி வெளிச்சத்தில்
டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தான்:
ஐந்து டபிள்யூ முப்பது. ஐந்து டபிள்யூ நாற்பது.
பத்து டபிள்யூ அறுபதை மட்டும்
கள்ளச்சரக்கு மாதிரிக் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தான்.
“ரேஸுன்னா இதுதான் அக்கா. தேன் மாதிரி நிக்கும்.”

நிற்பதற்கா ஊற்றுகிறோம்?

டபிள்யூ என்றால் எடை என்று நம்பிப்
பதினோரு வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன்.
குளிர்காலமாம்.
டர்பனில் அது ஜூலையில் ஒரு வாரம்,
ஒரு ஸ்வெட்டர்.

திங்கள் முதல் வெள்ளி வரை
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டிலிருந்து உம்லாங்காவுக்கு.
பிறர் வண்டிகளின் சேதத்துக்கு
காப்பீடு உண்டா இல்லையா என்று எழுதும் வேலை.
ஹிக்கின்சன் சாலையில் இரண்டாம் கியர், பிரேக்,
மறுபடி இரண்டாம் கியர்.
மாதம் ஒரு சனிக்கிழமை அதே கோல்ஃப்,
குடையையும் டிபன் டப்பாவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு,
போர்ட் ஷெப்ஸ்டன் பக்கம் கரும்புக்கு நடுவே ஓடுதளத்தில்
நூற்றித் தொண்ணூறு.
இரண்டு பேருக்கு
ஒரே ஜோடிச் செருப்பு வாங்குகிற கதை.

தீபாவளிக்குப் பாகு காய்ச்சுகிறவள் நான்.
கம்பிப் பதம் ஒரு நிமிஷம்தான் நிற்கும்,
கண்ணை எடுத்தால் உருட்டுப் பதம்,
அப்புறம் கல்.
எண்ணெய் தலைகீழ்ப் பாகு. காயக் காய இளகும்.
நூற்றி முப்பது டிகிரியில் தண்ணீராய் ஓடும்போதும்
சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் வளையத்துக்கும் நடுவில்
மயிரிழையாய் நின்றாக வேண்டும்.
அது அறுந்தால் இரும்பு இரும்பைத் தொடும்.
தொட்டால் ஒரு தடவைதான்.

அறுபதையே வாங்கினேன். ஆசைதான்.

சனிக்கிழமை காலை ஐந்தரை.
சாவியைத் திருப்பியதும் தலைப்பக்கம் படபடத்தது
மூன்று வினாடி, நான்கு,
கெட்டி எண்ணெய் படியேறி வரும்வரை.
பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

ஆறாவது சுற்று. நீண்ட வலது வளைவு.
உடம்பு இடப்பக்கம் சரிய, கழுத்து அதை மறுக்க,
முன்பலகையில் சிவப்பாய் ஒரு கெண்டி
கண் சிமிட்டியது.
அறுபது ஊற்றியுமா?

ஓரம் கட்டினேன்.
கொடி பிடிக்கும் ம்லுங்கிசி ஆரஞ்சுச் சுளையைத் தின்றுகொண்டே
மூடி திறப்பதைப் பார்த்தான்.
அளவுக்கோலை உருவி, துடைத்து, முக்கி, மறுபடி உருவினேன்.
கீழ்க்கோட்டில் நின்றது எண்ணெய்.

டப்பா நாலு லிட்டர்.
வண்டி குடிப்பது நாலரைக்கும் மேல்.
ஐந்தாவது லிட்டருக்கு இருநூற்றெண்பது ராண்டு கேட்டான்,
அப்புறம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.
கெட்டியா மெலிதா என்று ஒரு மாதம் தூங்காதவள்
எவ்வளவு என்று கேட்கவில்லை.
வளைவில் இருந்ததெல்லாம் இடச்சுவரில் ஏறிக்கொள்ள
பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது.

வெள்ளை ஹோண்டாக்காரி லெனெட் அரை டப்பா தந்தாள்.
ஐந்து டபிள்யூ நாற்பது.
கலந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது,
எனக்கும் தெரியாது.
மேல்கோடு வரை ஊற்றினோம்.
அன்று கெண்டி மறுபடி எரியவில்லை,
ஆனாலும் அந்த வளைவில்
ஒவ்வொரு தடவையும் காலை லேசாய் எடுத்தேன்.

திங்கட்கிழமை முதல் கோப்பு: எஞ்சின் இறுகிப்போன பாக்கி,
ஃபீனிக்ஸ், உரிமையாளர் ஒரு முடிதிருத்துநர்.
படிவம் கேட்கிறது: எண்ணெய் எந்த ரகம்?
பதில் சரியாக இருக்கிறது. ரசீதுகூட வைத்திருக்கிறார்.
அடுத்த கேள்வி டயரைப் பற்றி.

நகத்தடியில் இன்னும் கறுப்பு.
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
எவ்வளவு இருந்தது?