நூற்று நாற்பத்தைந்து

ஜனவரி. நான்கு மணிக்கே இருட்டு.
தோர்ஷாவ்ன் துறைமுகத்துக்கு மேலே,
முன்பு வலை வைத்திருந்த அறையில்
ஒரு கம்பைலரைக் கட்டிக்கொண்டிருந்தேன்.
என் மேசையில் உட்கார்ந்துகொண்டு
வேறொரு சில்லுக்கு எழுதித்தரும் கம்பைலர்.
அந்தச் சில்லு கல்பாக் குடாவில் மிதக்கிறது,
சால்மன் கூண்டில் கட்டிய பெட்டிக்குள்,
தண்ணீரில் மூச்சு எவ்வளவு மிச்சம் என்று
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல.

நாற்பது நிமிடம் ஓடி நின்றது.
சிஸ்டம் ஹெடர்கள் இருக்கவேண்டிய கோப்புறை
இல்லை என்றது.
பாதையையும் முழுதாகக் காட்டியது, கோபமில்லாமல்,
காலி மனைக்கு முன் சைக்கிளை நிறுத்தி
கதவு எண்ணைப் படிக்கும் தபால்காரர்போல.

எனக்குப் பசி.
ஒரே ஒரு வரி, ஒரு குறுக்கு இணைப்பு.
இல்லாத வீட்டின் பெயர்ப்பலகையை
என் வீட்டு வாசலில் மாட்டிவிட்டேன்.
மறுபேச்சில்லாமல் உள்ளே போனது கம்பைலர்.
என் கணினியின் ஹெடர்களை எடுத்துக்கொண்டது.
ஓர் எச்சரிக்கைகூட இல்லை.
அதைப் பார்த்து நான் கை தட்டினேன்,
அறையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும்.

மூன்றாம் நாள் விடியுமுன் ஹானுஸ் அழைத்தான்.
பாதிச் சொல்லைக் காற்று பிடுங்கிக்கொண்டது.
"மார்னா, ஆறாம் கூண்டில் ஆக்ஸிஜன் பூஜ்யமாம்.
அத்தனை மீனும் செத்துவிட்டதாம்.
படகில் வந்து குனிந்து பார்க்கிறேன்.
செத்ததெல்லாம் சுற்றிச் சுற்றி வருகிறது,
தீனி எங்கே என்று."

குளிரில் அந்த உணரிக்கு நாக்கு மரத்துப்போகும்.
பதில் சொல்லப் பிந்தும்.
பிந்தினால் 'நேரம் கடந்தது' என்பதற்கு ஓர் எண் வரும்.
வந்தால் பொறுத்திரு, மறுபடி கேள்:
அப்படித்தான் எழுதியிருந்தேன், சத்தியமாக.

அந்தச் சில்லின் ஊரில்
நேரம் கடந்தது என்றால் நூற்று நாற்பத்தைந்து.
என் கணினியின் ஊரில் நூற்றுப் பத்து.
எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர்,
உள்ளே வைத்திருக்கும் எண் வேறு.
நூற்று நாற்பத்தைந்து,
நூற்று நாற்பத்தைந்து என்று
மூன்று இரவு உணரி சொல்லியிருக்கிறது.
நான் பொருத்திய காது
நூற்றுப் பத்துக்கு மட்டுமே திறக்கும் காது.
தெரியாத எண் வந்தால் பூஜ்யம் என்று எழுதிவைத்துவிட்டு
அடுத்த பத்து நிமிடத்துக்குத் தூங்கப்போயிற்று.

இணைப்பை அறுத்தேன்.
எங்கெங்கே போய்த் தேடுகிறாய் என்று
கம்பைலரையே கேட்டேன். கேட்டால் சொல்லும்.
'தேடல் இங்கே தொடங்குகிறது.'
ஒன்றன்கீழ் ஒன்றாகப் பாதைகள்.
நான் மாட்டிய பலகை இருந்த இடம் இப்போது வெறுமை.
'தேடல் பட்டியல் முடிந்தது.'

அந்தச் சில்லுக்கென்று தனி வேர் ஒன்று வைத்தேன்.
அதன் கெர்னல் தந்த ஹெடர்கள், அதன் நூலகம்,
என்னுடையது ஒரு துரும்பும் இல்லாமல்.
இதுதான் உன் சிஸ்ரூட் என்று சொல்லிக்கொடுத்து
முதலிலிருந்து ஓட்டினேன்.
நின்றது. பாதையை இருமுறை ஒட்டியிருக்கிறேன்,
வேருக்குள் மறுபடி அதே வேர்.
திருத்தினேன். நின்றது.
பழைய கட்டுமானத்தின் மிச்சம் மூலையில் கிடந்தது.
கோப்புறையையே அழித்தேன்.
அடுத்த நாற்பது நிமிடமும் நாற்காலியைவிட்டு எழவில்லை.
காபி ஆறியதை ஆறியபிறகே பார்த்தேன்.

அன்றிரவு குடாவிலிருந்து வந்த பதிவு:
நூற்று நாற்பத்தைந்து. பொறு.
நூற்று நாற்பத்தைந்து. பொறு.
ஒன்பது புள்ளி ஆறு.

'இல்லை' என்று முதல் நாள் வந்த அந்த வரியை
தாளில் அச்செடுத்து
திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.
அதன் ஓரம் ஈரத்தில் சுருண்டுவிட்டது.

ஹானுஸ் டீசல் ரசீதை அனுப்பியிருந்தான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு குரோனர்.
எந்த ஊர் எண் என்று கேட்காமல்
கட்டிவிட்டேன்.