நான்காம் அட்டவணை, ஏழாம் வரி

காலை ஏழு மணிக்கு ஓடையின் உயரம்
ஒன்பது சென்டிமீட்டர்.
நேற்றுப் பதினொன்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
எனக்கு ஆற்றையே அளக்கிற வேலை.
துர்காவ் மாநில அரசு, நீர்ப் பிரிவு,
மூன்றாம் மாடி, சன்னலோரம் ஒரு கள்ளிச்செடி.

அந்த மாடியில்தான் திட்டத்தை எழுதினோம்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அட்டையில் நீலத்தில் ஒரு துளி,
அதன் வளைவு சரிதானா என்று
மூன்று கூட்டம் கூடினோம்.
உள்ளே:
குளிர்காலம் நனையும், கோடை காயும்.
பனி வரும், தங்காது.
ஊருக்கு ஊர் குழாய்களைக் கைகோக்க வைப்போம்,
ஒருவர் தொட்டி வற்றினால் அடுத்தவர் தொட்டி.
அதுவும் போதாவிட்டால் ஏரி இருக்கிறது.

ஏரி இருக்கிறது என்ற வாக்கியம்
நாற்பத்தொரு இடத்தில் வருகிறது.
எண்ணிப் பார்த்தேன்.

ஓபர்வீலன் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில்
மக்கள் கருத்துக் கேட்பு.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே
எங்கள் இயக்குநர் நின்றார்,
தலைக்கு மேலே ஒரு வலை,
திரையில் 2060.
ஆப்பிள் தோட்டக்காரர் ஹூகன்டோப்ளர் எழுந்தார்,
தொப்பியைக் கழற்றவில்லை.
"அந்த வருஷம் எனக்குத் தொண்ணூற்றெட்டு வயது.
வருகிற செவ்வாய்க்கிழமை
நான் என்ன செய்யவேண்டும்?"

இயக்குநர் அடுத்த படத்துக்குப் போனார்.
நான் குறிப்பேட்டில் எழுதினேன்:
கேள்வி ஒன்று எழுப்பப்பட்டது.

செவ்வாய்க்கிழமை தடை வந்தது.
ஓடைகளில் இருந்து நீர் எடுக்கக் கூடாது,
மறு அறிவிப்பு வரும்வரை.
பாலத்தில் அறிவிப்பை நான்தான் கட்டினேன்.
கீழே அவர் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்,
பெரிய பாம்பொன்றைத் தூங்கவைப்பதுபோல.
நிமிர்ந்து பார்த்தார்.
"நீங்கள்தானே அந்த ஒன்பது சென்டிமீட்டர்?"

ஆம் என்றேன்.
வேறென்ன சொல்வது.

மூன்று சென்டிமீட்டர் ஆனபோது
மீன்வளக் காவலர் ரெகுலா வந்தாள்,
முதுகில் மின்கலம், கையில் கோல்.
கோல் தொட்ட இடத்தில் நீர் ஒரு கணம் திடுக்கிடும்,
ட்ரவுட் மீன்கள் மல்லாந்து மிதந்து வரும்,
புள்ளிப் புள்ளியாய், வெட்கமே இல்லாமல்.
நான் வாளி பிடித்தேன்.
வாளி வெயிலில் சுட்டது.

அப்போது டிராக்டர் சத்தம்.
பின்னால் ஆப்பிள் சாறு பிடிக்கிற தொட்டி,
விளிம்புவரை தண்ணீர்.
"என் கிணறு" என்றார் ஹூகன்டோப்ளர்.
"இதற்குத் தடை இல்லையே?"
இல்லை என்றேன்.
அவருடைய கிணற்றின் ஆழமும் எனக்குத் தெரியும்,
அதில் மிச்சமிருப்பதும் தெரியும்.
அந்தத் தொட்டி எத்தனை மரத்தின் தாகம் என்று
மனசுக்குள் வகுத்துப் பார்த்து
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

திட்டத்தில் இது நான்காம் அட்டவணை, ஏழாம் வரி:
'மீன்கள்: தேவைப்படின் இடமாற்றம்.'
எழுதியவள் நான்.
ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்,
பசியில்.

இப்போது முழங்கால்வரை சேற்றில் நின்று
படிவம் நிரப்பினேன்.
இனம். எண்ணிக்கை: அறுபத்து மூன்று.
எடுத்த இடம். விட்ட இடம்.
திரும்பும் நாள் என்று ஒரு கட்டம், காலி.
இந்த நாட்டுக்குள் நான் வந்தபோது
என் பெயருக்கும் ஒரு படிவம் இருந்தது.
அதில் அப்படி ஒரு கட்டமே இல்லை.
ரெகுலாவிடம் சொல்லவில்லை,
அவள் பிடிபடாத ஒன்றைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
பாலத்தடியில், கல்லுக்குப் பின்னால்,
கோல் எட்டாத ஆழத்தில் ஒரு கிழட்டு மீன்.
"இருந்து தொலை" என்றாள்.

அடுத்த திங்கள், காலை ஏழு மணி.
அளவுகோலின் அடியில் பாசி வெடித்திருந்தது.
கைப்பேசியில் சுழியம் என்று பதிந்தேன்.
மென்பொருள் கேட்டது:
உறுதியாகவா?

பாலத்தடிக்குப் போய்க் குனிந்தேன்.
கல்லுக்குப் பின்னால் ஒரு தட்டளவு நீர்.
என் நிழல் அதில் விழுந்ததும்
ஏதோ உள்ளே நகர்ந்தது.

விரலை எடுத்துவிட்டேன்.
அலுவலகம் எட்டரைக்குத்தான் திறக்கும்.