மேலே எதுக்கு?

நைட் டூட்டி முடிந்து வருகிறேன்.
பாபநாசம் சோதனைச்சாவடியில்
நர்ஸ் உடுப்பைப் பார்த்தும் கேட்கிறார்:
"மேலே எதுக்கு?"
வீட்டுக்கு, சார்.
காணிக்குடியிருப்பு.

பதினோரு மாதமாய் ஒப்பந்த வேலை.
நான் சேர்ந்தபோது
ஓ.பி. பதிவேட்டில் இஞ்சிக்குழி என்றொரு ஊரே இல்லை.
இப்போது
அணைத் தண்ணீர் தாண்டி வருகிறார்கள்.
டாக்டரிடம் வயிற்றைக் காட்டுகிறார்கள்,
வலியை என்னிடம் சொல்கிறார்கள்.

மார்ச்சோடு முடிகிறது ஒப்பந்தம்.
நீட்டிக்கச் சொல்லி எழுதிய டாக்டரம்மா
கடைசியில் ஒரு வரி சேர்த்தார்:
"இன்னொரு ஆளும் வேண்டும்.
இந்தப் பெண் தூங்க வேண்டும்."

கம்பம் மேலேறுகிறது.
பையில்
பூதத்தான் காணி மகளின்
நர்சிங் விண்ணப்பம்.
போட்டோ ஒட்டும் கட்டம்
இன்னும் காலி.
காட்டுக்குள் ஏது ஸ்டூடியோ?
நாளை அவளைக் கீழே கூட்டிவருவேன்.
அப்போதும் கேட்பார்:
"கீழே எதுக்கு?"