ஐந்தரை மணி நேரம்

நீடாமங்கலம் கேட் போட்டுவிட்டார்கள்.
பைக்கை அணைத்துவிட்டு நஜ்முதீன் கேட்டான்:
"எமுலேட்டர்ல ஓடுச்சே?"

எமுலேட்டரில் மழை பெய்யாது.
சிக்னல் எப்போதும் நாலு கோடு.
அதன் கட்டைவிரலில் உமி ஒட்டுவதில்லை.

மழைக்குப் பயந்து
விடியற்காலை நாலு மணிக்கே எடைபோட்ட
அறுபத்தேழு மூட்டை
செயலியில் நேற்றைய தேதிக்குப் போய்விட்டது.
இன்றைய டோக்கனோ
நேற்றைக்குச் செல்லாது.
"நேத்து களத்துல
தார்ப்பாய்க்கு அடியில கெடந்த நெல்லும்மா" என்றார்
இடும்பையன், போனை நீட்டி.
கோபமே இல்லை.
அதுதான் உறுத்துகிறது.

"சர்வருக்கு கிரீன்விச் நேரம்.
நமக்கு அஞ்சரை மணி பின்னால விடியுது அதுக்கு.
ஒரு வரி மாத்தினா போதும்."
"எந்த வரி?"
"அதத்தான் தேடணும்."

இன்டர்நெட் இல்லாதபோது எழுதியது பெரிதா,
வந்தபின் சர்வர் சொல்வது பெரிதா
என்று வலங்கைமானிலிருந்து சண்டை.
முதலில் அவர் கையில் இருப்பதை நம்பு என்கிறேன்.
ரெண்டு போனில் ரெண்டு கணக்கு வந்தால்? என்கிறான்.

சரக்கு ரயில் வந்தது, நெல் ஏற்றி.
பேச்சை விட்டுப் பெட்டிகளை எண்ணினோம்.

நாற்பத்திரண்டு என்றான்.
எனக்கு நாற்பத்தொன்று.

கேட் தூக்கியும்
பின்னால் ஹாரன் அடித்தும்
வண்டியை எடுக்கவில்லை அவன்.