அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் டயர்க்கடைக்கு மேலே ஆபீஸ்.
கோயிலின் புள்ளிக் கணக்கு
பென் டிரைவில் வந்தது.
கல்யாணமாகிக் கணக்கில் ஏறினால் ஒரு புள்ளி,
புள்ளிக்கு இவ்வளவு வரி.
நான் புதுவயல்காரி, ஆலைத் தவிட்டில் வளர்ந்தவள்.
எனக்குப் புள்ளி என்றால்
மெய்யெழுத்தின் தலையில் இருப்பது.
இல்லாவிட்டால், ரெஜெக்ஸ் வரியின் நடுவில்
எது வந்தாலும் சரி என்று நிற்பது.

முதல் நாள்
எழுத்தல்லாததை நீக்கு என்று ஒரு வரி எழுதினேன்.
சர்வரின் லொக்கேல் 'சி'யில் கிடந்தது.
அதற்குத் தெரிந்த எழுத்து
சின்னதும் பெரியதும் சேர்த்து ஐம்பத்திரண்டு.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம்
ஒரு நொடியில் வெள்ளையாய்ப் போனது.
பேக்கப் இருந்தது.
இல்லையென்றால் ஊரில் இருந்திருக்க மாட்டேன்.

மறுநாள் லொக்கேலைத் தமிழுக்கு மாற்றினேன்.
எழுத்துகள் நின்றன.
கொம்பும் காலும் புள்ளியும் உதிர்ந்தன,
அந்தப் பழைய சிஸ்டத்துக்கு
அவை எழுத்தின் மேல் ஒட்டிய தூசி.
சொக்கம்மை
சககமம ஆனாள்.
வாய்விட்டுப் படித்தேன்.
தவளை, என்றான் லூர்துராஜ்.
அவன் மெஷினில் அதே வரி, அதே பெயர்,
ஒரு காலும் உடையவில்லை.
எது எழுத்து என்று
நானும் சொல்வதில்லை, டேட்டாபேஸும் சொல்வதில்லை.
கீழே எவனோ எப்போதோ எழுதிய அட்டவணை சொல்கிறது.

பட்டியலில் பாதி தொண்ணூற்றெட்டில் அடித்தது.
அந்த எழுத்துருவில் புள்ளி வைக்க
அரைப்புள்ளி விசையைத் தட்ட வேண்டும்.
யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால்
ஒவ்வொரு மெய்க்குப் பின்னாலும் ஓர் அரைப்புள்ளி.
என் நிரல் அதைக் கண்ட இடமெல்லாம்
வெட்டி அடுத்த கட்டத்தில் போட்டிருந்தது.
அழகம்மை இரண்டு துண்டு.
மெய்யப்பன் மூன்று.

கடைசிக் கட்டத்தின் தலைப்பும் அரைப்புள்ளி.
இதையும் நீக்கிவிடவா, என்று கேட்டேன்.
கணக்கர் அடைக்கப்பன்
ரசீதுக் கட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"அது வேற.
புருஷனோ பொஞ்சாதியோ போயிட்டா
மிச்சமிருக்கவுக அரைப்புள்ளி. வரியும் பாதி."

வியாழக்கிழமை போன். கண்டனூர்.
சொக்கம்மை ஆச்சி.
குரலுக்கு நாற்பது வயதிருக்கும்.
"ரெண்டு ரசீது வந்திருக்கு.
ஆடியில அவுக போயிட்டாக.
ஊருல என்னைய அரைங்கறாக.
ஒங்க மெஷினு ரெண்டுங்குது.
எதத்தான் நம்ப?"

இரண்டு சொக்கம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
திரையில் மயிரிழை வித்தியாசமில்லை.
ஒருத்தியின் 'சொ'வில் கொம்பும் காலும் ஒரே குறி,
இன்னொருத்திக்குக் கொம்பு தனி, கால் தனி.
படிப்பவருக்கு ஐந்தெழுத்து.
அவளுக்கு ஒன்பது குறி, இவளுக்குப் பத்து.
அவள் இருபத்தேழு பைட்,
இவள் முப்பது.
இதையெல்லாம் ஆச்சியிடம் எப்படிச் சொல்ல?
சரி பண்ணிடறேன், லைன்ல இருங்க, என்றேன்.

குறிகளை ஒரே வடிவாக்க ஒரு வரி போதும்.
இருவரும் ஒருத்தியானார்கள்.
பிறகு எண் கட்டம். 0.5.
சரிபார்க்கும் கோவையில்
அந்தப் புள்ளிக்கு முன் சாய்கோடு போட மறந்திருந்தேன்.
சுழியத்துக்கும் ஐந்துக்கும் நடுவே
ஒன்று வந்தாலும், 'க' வந்தாலும்,
வெறும் இடம் வந்தாலும்
அரை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது இத்தனை நாள்.
சாய்கோடு போட்டேன்.
இனி அது புள்ளி மட்டும்தான்.

"ஆச்சி, இருக்கீங்களா?"
"இருக்கேன். பேருல புள்ளியெல்லாம் இருக்கா?
போன ரசீதுல மொட்டையா இருந்துச்சு."
"இருக்கு. 'க'வுக்கு மேல ஒண்ணு, 'ம'வுக்கு மேல ஒண்ணு."
"முழுசாவா?"
"முழுசாத்தான்."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.
"வரியப் பாதியாவே போடு,
அது கோயில் கணக்கு"
என்று வைத்துவிட்டாள்.